கிரைஸ்லர் மட்டும் ஏன் இருபது வருடத்துக்கு ஒருமுறை படுத்துவிடுகிறது?

பழைய இரும்பு எழுதியது:

கிரைஸ்லர் கார்ப்பரேஷன் பதிவானது 1925 ஜூன் 6-ல். நூறு வயது தாண்டிவிட்டது. ஃபோர்டுக்கும் ஜி.எம்.முக்கும் (ஜெனரல் மோட்டார்ஸ்) இங்கே இழைகளுக்குப் பஞ்சமில்லை. டெட்ராய்ட்டின் மூன்றாவது கம்பெனியைப் பற்றி மட்டும் யாரும் வாயைத் திறப்பதில்லை. எனக்கு அந்த மூவரில் சுவாரசியமான ஆள் இதுதான்.

என் கேள்வி இது. 1954-ல் படுத்தது. 1962-ல் தடுமாறியது. 1979-ல் அரசாங்கத்திடம் போய் நின்றது. 2009-ல் திவால் மனுவே கொடுத்துவிட்டது. நடுநடுவே, வண்டிக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டால் டெட்ராய்ட்டிலேயே அதிக லாபம் பார்த்த காலமும் உண்டு. ஏன் இந்த ஏற்ற இறக்கம்?

என் பதிலையும் சொல்லிவிடுகிறேன். பொறியாளர்கள் கெட்டிக்காரர்கள். ஆனால் கல்லாவில் எப்போதும் பணம் குறைவு. ஜி.எம்.மில் ஒரு பிராண்டு சறுக்கினால் இன்னும் நான்கு தாங்கும். கிரைஸ்லர் ஒவ்வொரு தடவையும் ஒரே வண்டியின் மேல் மொத்தப் பணத்தையும் கட்டும். ஜெயித்தால் அந்தப் பணத்தை அடுத்த பஞ்சத்துக்கு எடுத்து வைக்காது. விமானக் கம்பெனி வாங்கப் போய்விடும். இதைத் தவறு என்று யாராவது நிரூபித்தால் சந்தோஷம்.


ஹெமி426 எழுதியது:

> கல்லாவில் எப்போதும் பணம் குறைவு

"எப்போதும்" என்ற சொல்லை எடுங்கள் சார். 1930-களின் நடுவிலிருந்து 1940-களின் கடைசிவரை அமெரிக்காவில் இரண்டாம் இடத்தில் இருந்தது கிரைஸ்லர். ஃபோர்டு மூன்றாவது. 1928-ல் ஒரே வருடத்தில் பிளிமத், டிசோட்டோ என்று இரண்டு புது பிராண்டுகளை இறக்கி, தன்னைவிடப் பெரிய டாட்ஜ் கம்பெனியை 17 கோடி டாலருக்கு வாங்கியவர்கள். கையில் இருந்ததைவிட, கிரைஸ்லர் பங்குகளாகக் கொடுத்ததுதான் அதில் அதிகம் என்றாலும், தைரியம் தைரியம்தானே.

டாட்ஜை ஏன் வாங்கினார்கள் என்பதுதான் முக்கியம். டாட்ஜிடம் எஞ்சின் பாகங்களை வார்க்கும் பெரிய ஃபவுண்டரி இருந்தது, நாடு முழுக்க டீலர்களும் இருந்தார்கள். அது இல்லாமல் ஷெவ்ரலேக்கும் ஃபோர்டுக்கும் போட்டியாக விலை குறைந்த பிளிமத்தைச் செய்திருக்கவே முடியாது. இது சூதாட்டம் இல்லை, கணக்கு.


மிச்சிகன்வாசி எழுதியது:

வால்டர் கிரைஸ்லரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லாமல் இந்த இழை நகரக்கூடாது. கான்சாஸ்காரர். அப்பா ரயில் எஞ்சின் ஓட்டியவர். மகனும் ரயில்வே பட்டறையில் கூட்டித் துடைக்கும் வேலையில் தொடங்கி மெக்கானிக் ஆனார். 1908-ல் சிகாகோ கார் ஷோவில் ஒரு லோகோமொபில் காரைப் பார்த்து மயங்கிவிட்டார். விலை 5,000 டாலர். கையில் இருந்தது 700. மீதி 4,300-ஐக் கடன் வாங்கி, காரை ரயிலில் ஏற்றி ஊருக்குக் கொண்டுபோனார். வந்ததும் ஓட்டினாரா? இல்லை. கொட்டகையில் நிறுத்தி, கடைசி நட்டு வரை கழற்றி, வரைந்து பார்த்து, திரும்பப் பூட்டினார். மறுபடி கழற்றினார். மாதக்கணக்கில் இதே வேலை. அவர் மனைவி எப்படிப் பொறுத்துக்கொண்டாரோ.

அப்புறம் ப்யூக்கின் தலைவர் ஆகி, ஜி.எம். முதலாளி டூரண்டுடன் ஒத்துப்போகாமல் வெளியே வந்தார். வங்கிகள் கூப்பிட்டு, நொடித்துக்கொண்டிருந்த வில்லிஸ்-ஓவர்லேண்டைச் சரிசெய்யச் சொன்னார்கள். சம்பளம் வருடத்துக்குப் பத்து லட்சம் டாலர், 1920-ல். அதற்கு அடுத்து மேக்ஸ்வெல். அந்த மேக்ஸ்வெல்தான் பின்னால் கிரைஸ்லராகப் பெயர் மாறியது. இதைக் கவனியுங்கள்: நொடித்த கம்பெனியைத் தூக்கி நிறுத்தும் வேலையிலிருந்துதான் இந்தக் கம்பெனியே பிறந்தது.

முதல் கார் 1924-ல் வந்த கிரைஸ்லர் சிக்ஸ். ஜீடர், ஸ்கெல்டன், பிரீர் என்று மூன்று பொறியாளர்கள் செய்தது. நான்கு சக்கரத்துக்கும் ஹைட்ராலிக் பிரேக், அன்றைக்கு அதிகமான கம்ப்ரஷன் கொண்ட எஞ்சின், ஆயில் ஃபில்டர், ஏர் க்ளீனர். இதெல்லாம் சுமார் 1,500 டாலர் காரில். நியூயார்க் ஷோவில் இடம் கிடைக்கவில்லை என்று, வங்கிக்காரர்களும் கார் வியாபாரிகளும் தங்கும் கமோடோர் ஹோட்டலின் லாபியைப் பிடித்து அங்கே நிறுத்தினார்கள். அங்கேயே உற்பத்திக்குத் தேவையான 50 லட்சம் டாலர் கடனும் படிந்தது. முதல் வருடம் 32,000 கார் விற்றது.


சும்மா ஒருவன் எழுதியது:

நியூயார்க்கில் இருக்கிற கிரைஸ்லர் கட்டடம் இவர்களுடையதா?


மிச்சிகன்வாசி எழுதியது:

வால்டர் தன் சொந்தப் பணத்தில் கட்டியது. கம்பெனிப் பணம் இல்லை. 1930-ல் முடிந்தது, 319 மீட்டர். எம்பயர் ஸ்டேட் வரும்வரை, ஒரு வருடத்துக்கும் குறைவாக, உலகத்திலேயே உயரம். 31-ஆவது மாடி மூலைகளில் நீட்டிக்கொண்டிருப்பவை 1929 கிரைஸ்லர் காரின் ரேடியேட்டர் மூடி வடிவங்கள். அண்ணாந்து பார்த்தால் தெரியாது, படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்.


பழைய இரும்பு எழுதியது:

ஹெமி தம்பி, இரண்டாம் இடம் சரி. அதை எப்படிக் கோட்டை விட்டார்கள் என்பதையும் சொல்லவேண்டும். அதற்கு முன்னால் ஏர்ஃப்ளோ.

1934-ல் வந்தது. காற்றைக் கிழித்துப் போகும் வடிவத்தை முறையாகச் சோதித்துச் செய்த முதல் பெரிய அமெரிக்கக் கார். கார்ல் பிரீர், விமானம் கண்டுபிடித்த ஆர்வில் ரைட்டையே கலந்து ஆலோசித்து, காற்றுச் சுரங்கம் கட்டிச் சோதித்தார். அப்போது ஓடிய கார்களைச் சோதித்தபோது ஒரு வேடிக்கை: பல கார்கள் பின்பக்கமாகத் திருப்பி வைத்தால்தான் காற்றில் நன்றாகப் போயின! அதோடு நிற்கவில்லை. எஞ்சினை முன் அச்சுக்கு மேலே தள்ளி, பயணிகளை இரண்டு அச்சுகளுக்கு நடுவில் உட்கார வைத்தார்கள். பின் சீட்டுக்காரர் பின் சக்கரத்தின் தலைமேல் உட்கார்ந்து குலுங்கிய காலம் அதோடு முடிந்தது. இன்று நாம் ஓட்டும் பெரும்பாலான கார்களும் அந்த அமைப்புதான்.

விற்றதா? இல்லை. மூக்கில்லாத அந்த முகத்தை மக்களுக்குப் பிடிக்கவில்லை. ஷோவில் ஆர்டர் குவிந்தபோது கார் கையில் இல்லை. கார் வந்தபோது முதல் சில ஆயிரம் வண்டிகளில் குறைகள். பள்ளத்தில் உருட்டிவிட்டு, கீழே போய் ஸ்டார்ட் செய்து ஓட்டிக் காட்டிப் படம்கூட எடுத்தார்கள். ம்ஹூம். 1937-ல் நிறுத்திவிட்டார்கள். டிசோட்டோ டீலர்களிடம் 1934-ல் விற்க ஏர்ஃப்ளோவைத் தவிர வேறு காரே இல்லை. அவர்கள் பாடு திண்டாட்டம். கம்பெனி பிழைத்ததற்குக் காரணம், பிளிமத்துக்கு ஏர்ஃப்ளோ உடம்பைக் கொடுக்காமல் விட்டதுதான்.

ஜப்பானில் டொயோடா 1936-ல் செய்த முதல் காரான ஏஏ-வின் படத்தைப் பாருங்கள். ஏர்ஃப்ளோவின் தம்பி மாதிரி இருக்கும்.

இந்தத் தோல்விதான் அடுத்த இருபது வருடத்தைக் கெடுத்தது என்பது என் அபிப்பிராயம். சூடு கண்ட கம்பெனி வடிவத்தில் கைவைக்கவே பயந்துவிட்டது. கே.டி. கெல்லர் தலைவராக இருந்தபோது, ஆண்கள் தொப்பியைக் கழற்றாமல் ஏறி உட்காரவேண்டும் என்று கூரையை உயர்த்தி வைத்தார்கள். ஜி.எம். நீளமும் தாழ்வுமாக அழகு காட்ட, இவர்கள் பெட்டி பெட்டியாக விற்றார்கள். 1950-ல் 104 நாள் ஸ்ட்ரைக் வேறு. ஃபோர்டு அந்தச் சந்தில் முன்னால் போய்விட்டது. 1954-ல் ப்ருடென்ஷியல் இன்சூரன்ஸிடம் 25 கோடி டாலர் கடனுக்கு நின்றார்கள்.


ஹெமி426 எழுதியது:

ஆனால் அதே கெல்லர் காலத்தில்தான் போரும் வந்தது. டெட்ராய்ட் பக்கத்தில் வாரன் ஊரில் சோளக்காடாக இருந்த இடத்தில் டாங்கித் தொழிற்சாலை கட்டி, போர் முடிவதற்குள் 22,000-க்கும் மேல் டாங்கிகளைத் தள்ளினார்கள். ஷெர்மன் டாங்கிக்கு எஞ்சின் பற்றாக்குறை வந்தபோது ஆறு சிலிண்டர் கார் எஞ்சின்கள் ஐந்தை ஒன்றாகக் கட்டி 30 சிலிண்டர் எஞ்சின் செய்தார்கள். பார்த்தால் பைத்தியக்காரத்தனம். ஓடியது.

1951-ல் ஹெமி எஞ்சின். அரைக்கோள வடிவத்தில் எரியறை, நடுவில் ஸ்பார்க் பிளக், எதிரெதிரே பெரிய வால்வுகள். காற்று தாராளமாக உள்ளே போய் வெளியே வரும். 331 கன அங்குலத்தில் 180 குதிரைசக்தி. அதே அளவு கேடிலாக் 160 தான் கொடுத்தது. 1964 டேட்டோனா 500-ல் 426 கன அங்குல ஹெமி போட்ட பிளிமத் கார்கள் முதல் மூன்று இடத்தையும் எடுத்தன, முதலில் ரிச்சர்ட் பெட்டி. அடுத்த வருடமே, அந்த ரேஸ்களை நடத்தும் நாஸ்கார் அமைப்பு அந்த எஞ்சினைத் தடை செய்தது. பெட்டி கோபித்துக்கொண்டு, நேர்கோட்டில் ஓட்டும் டிராக் ரேஸுக்குப் போய்விட்டார்.

1969 டாட்ஜ் சார்ஜர் டேட்டோனா, 1970 பிளிமத் சூப்பர்பேர்ட் இரண்டையும் யாரும் மறக்கமாட்டார்கள். கூர்மூக்கு, பின்னால் உயரமாக ஒரு இறக்கை. 1970 மார்ச்சில் டல்லடேகாவில் பட்டி பேக்கர் மணிக்கு 200 மைலைத் தாண்டினார். மூடிய ரேஸ் தடத்தில் அதுவரை யாரும் தொடாத வேகம். கடையில் மட்டும் சூப்பர்பேர்ட் தூங்கியது. சில டீலர்கள் இறக்கையைக் கழற்றிவிட்டுச் சாதாரணக் காராக்கி விற்றார்கள். இன்று அந்தக் கார் ஏலத்துக்கு வந்தால் விலையைக் கேட்டு அவர்கள் ஆவி அலறும்.


கணக்குப்பிள்ளை எழுதியது:

ரேஸ் பெருமை கல்லாவை நிரப்பாது தம்பி. 1957-ஐப் பாருங்கள். வர்ஜில் எக்ஸ்னர் வரைந்த வால்துடுப்புக் கார்கள், ஸ்பிரிங்குக்குப் பதில் முறுக்குக் கம்பி வைத்த டார்ஷன் பார் சஸ்பென்ஷன், மற்றவர்களைவிடத் தாழ்ந்த கூரை. ஜி.எம்.மின் டிசைனர்கள் தங்கள் 1959 வரைபடங்களைக் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி தொடங்கினார்கள். அவ்வளவு பயம். பிளிமத் விற்பனையில் மறுபடி மூன்றாம் இடத்துக்கு வந்தது. ஆனால் அவசரமாகச் செய்த கார்கள் துருப்பிடித்தன, மழை உள்ளே வந்தது, டார்ஷன் பார் உடைந்தது. ஒருமுறை வாங்கியவர் அடுத்த தடவை வேறு கடைக்குப் போனார். 1960 நவம்பரில் டிசோட்டோவையே மூடிவிட்டார்கள்.

1962 இன்னும் மோசம். தலைவர் நியூபெர்க் ஒரு தோட்ட விருந்தில், ஷெவ்ரலே அடுத்து சின்னக் கார் செய்கிறது என்று காதில் விழுந்ததை வைத்து, தன் பெரிய டாட்ஜ், பிளிமத் கார்களைக் குறுக்கச் சொன்னார் என்று ஒரு கதை உண்டு. ஷெவ்ரலே செய்துகொண்டிருந்தது தனியாக ஒரு சின்னக் கார். பெரியது பெரியதாகவே இருந்தது. அந்தக் கார்கள் கடைக்கு வந்தபோது நியூபெர்க் பதவியில் இல்லை. சப்ளையர் கம்பெனிகளில் தனக்கும் பங்கு வைத்திருந்தது வெளியே வந்து, 1960-ல் இரண்டே மாதத்தில் போய்விட்டார்.

இதெல்லாம் பணக்குறை இல்லை, இரும்பு சார். நிர்வாகக்குறை. உங்கள் வாதத்தில் எனக்குச் சம்மதம் இல்லாத இடம் இது. பணம் இருந்தாலும் இவர்கள் விழுந்திருப்பார்கள்.


லாரிக்காரர் மகன் எழுதியது:

நம்ம ஊர்ப் பக்கத்தை யாரும் தொடவில்லையே. பம்பாயில் வால்சந்த் ஹீராசந்தின் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் கிரைஸ்லரோடு ஒப்பந்தம் போட்டுத்தான் குர்லாவில் தொழிற்சாலை வைத்தது. 1947-லிருந்து டாட்ஜ், பிளிமத், டிசோட்டோ கார்களும் லாரிகளும் அங்கே பூட்டப்பட்டன. ஒரே லாரிதான், முகத்தில் டாட்ஜ், டிசோட்டோ, ஃபார்கோ என்று மூன்று பெயர். எங்கள் அப்பா ஓட்டியது ஃபார்கோ. மெட்ராஸ் சிம்ப்சனில் செய்த பெர்கின்ஸ் பி6 டீசல் எஞ்சின் போட்டது. டாடா-பென்ஸ் வந்த பிறகும் ஃபார்கோவை விடமாட்டேன் என்று சொன்ன டிரைவர்கள் நிறைய. மலை ஏற்றத்தில் கியர் மாற்றும் சத்தத்தை வைத்தே என்ன லாரி என்று சொல்லிவிடுவார்கள்.

இன்னொன்று. அதே குர்லாவில் 1950-களில் ஃபியட் கார் பூட்டத் தொடங்கினார்கள். பின்னால் பிரீமியர் பத்மினி ஆனது அந்தக் குடும்பம்தான். கிரைஸ்லரும் ஃபியட்டும் அமெரிக்காவில் 2009-ல் கைகோத்ததை எல்லோரும் அதிசயமாகப் பேசினார்கள். ஒரே கூரையின் கீழ் இரண்டையும் பூட்டிய இடம் பம்பாய்!


பழைய இரும்பு எழுதியது:

அருமை ஐயா. டிசோட்டோ அமெரிக்காவில் செத்த பிறகும் இங்கேயும் துருக்கியிலும் லாரியின் நெற்றியில் பிழைத்திருந்தது.


டர்பைன் ரசிகன் எழுதியது:

1963-ஐத் தாண்டிப் போய்விடாதீர்கள்! டர்பைன் கார்! பிஸ்டன் கிடையாது. ஜெட் விமானத்தில் இருப்பதுபோல ஒரு சின்ன டர்பைன். இத்தாலியின் கியா கம்பெனி கையால் உடம்பு செய்து அனுப்ப, டெட்ராய்ட்டில் எஞ்சின் போட்டார்கள். எல்லாம் ஒரே செப்பு நிறம். ஐம்பது கார்களை, விண்ணப்பித்தவர்களில் தேர்ந்தெடுத்த 203 குடும்பங்களுக்கு, மூன்று மூன்று மாதம் சும்மா ஓட்டக் கொடுத்தார்கள். செலவு பெட்ரோல்... தப்பு, பெட்ரோல் இல்லை. டீசல், மண்ணெண்ணெய் எது ஊற்றினாலும் ஓடும். மெக்சிகோவில் டெக்கீலா ஊற்றி ஓட்டிக் காட்டினார்கள் என்று சொல்வார்கள்.

திட்டம் முடிந்ததும் பெரும்பாலான கார்களை நசுக்கி எரித்துவிட்டார்கள். ஒன்பது மட்டும் மிச்சம்.


கணக்குப்பிள்ளை எழுதியது:

டர்பைன் அழகுதான். ஆனால் சும்மா நிற்கும்போதே எண்ணெய் குடிக்கும், மிதித்தால் ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் கிளம்பும், சூடு தாங்கும் உலோகத்துக்கு விலை அதிகம். நைட்ரஜன் ஆக்சைடு புகை விதி வந்ததும் கதை முடிந்தது. இதற்குக் கொட்டிய பணத்தில் நல்ல பெயிண்ட் அடித்திருக்கலாம்.

சரி, 1979-க்கு வருவோம். அங்கேதான் பாடம் இருக்கிறது. 1970-களில் கிரைஸ்லர் ஆர்டர் இல்லாமலே கார் செய்துகொண்டிருந்தது. ஃபாக்டரி ஓடவேண்டும், கணக்கில் உற்பத்தி காட்டவேண்டும், அவ்வளவுதான். செய்த கார்களை டெட்ராய்ட்டைச் சுற்றி வெட்டவெளியில் ஆயிரக்கணக்கில் நிறுத்தி வைத்து, காலாண்டு முடியும்போது டீலர்களைப் போனில் பிடித்துத் தள்ளுபடியில் தள்ளுவார்கள். டீலரும் புத்திசாலி, காலாண்டுக் கடைசி வரை வாங்கவே மாட்டார். வெயிலிலும் பனியிலும் நின்ற காரை வாங்கியவர் கதியை யோசித்துக்கொள்ளுங்கள். 1976-ல் வந்த ஆஸ்பென், வொலாரே கார்களோ முன் மட்கார்டு துருப்பிடித்து ரீகால் மேல் ரீகால்.

1978 நவம்பரில் லீ ஐயாகோக்கா தலைவராக வந்தார். ஃபோர்டில் வேலையை விட்டுத் துரத்தப்பட்டு நாலு மாதம்தான் ஆகியிருந்தது. உள்ளே வந்து பார்த்தால் காசு எங்கே போகிறது என்று சொல்ல ஆளே இல்லை. 1979-ல் நஷ்டம் 110 கோடி டாலர், 1980-ல் 170 கோடி. ஐரோப்பியக் கிளையை ஏற்கெனவே 1978-ல் பெஜோ கம்பெனியிடம் தள்ளியாகிவிட்டது. எம்1 ஆப்ராம்ஸ் டாங்கி செய்த ராணுவப் பிரிவையும் 1982-ல் விற்றார்கள், நல்ல லாபம் வரும் பிரிவு அது.

அரசாங்கம் பணம் கொடுத்தது என்று பலர் எழுதுகிறார்கள். கொடுக்கவில்லை. 150 கோடி டாலர் வரை கடனுக்கு ஜாமீன் நின்றது. 1980 ஜனவரியில் கார்ட்டர் கையெழுத்துப் போட்டார். அதற்கு நிபந்தனை, தொழிலாளர், வங்கி, சப்ளையர், டீலர் எல்லோரும் ஆளுக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கவேண்டும். தொழிற்சங்கத் தலைவர் டக்ளஸ் ஃப்ரேசர் இயக்குநர் குழுவிலேயே உட்கார்ந்தார். அமெரிக்கப் பெரிய கம்பெனியில் அது முதல் தடவை. எடுத்த 120 கோடியை 1983-லேயே, ஏழு வருடம் முன்கூட்டி, அடைத்தார்கள். ஜாமீனுக்குப் பதிலாக வாங்கி வைத்திருந்த பங்கு உரிமையை விற்று அரசாங்கம் 30 கோடிக்கு மேல் லாபமும் பார்த்தது.


மிச்சிகன்வாசி எழுதியது:

காப்பாற்றியது ஐயாகோக்காவின் டிவி விளம்பரம் இல்லை, இரண்டு வண்டிகள். முதலாவது 1980 கடைசியில் வந்த கே-கார், அதாவது டாட்ஜ் ஏரீஸ், பிளிமத் ரிலையன்ட். அழகு கிடையாது. முன்சக்கர இயக்கம், ஆறு பேர் உட்காரலாம், எரிபொருள் சிக்கனம். அந்த ஒரே அடித்தளத்தை நீட்டிக் குறுக்கி எத்தனை கார் செய்தார்கள் என்று எண்ணினால் தலை சுற்றும்.

இரண்டாவது 1983 நவம்பரில் ஒன்டாரியோவின் விண்ட்ஸரில் இறங்கிய மினிவேன். பின்னால் கிரைஸ்லருக்கு வந்த ஹால் ஸ்பெர்லிச் இதே யோசனையை ஃபோர்டில் பல வருடம் கத்தினார். இரண்டாம் ஹென்றி ஃபோர்டுக்குப் பிடிக்கவில்லை, ஸ்பெர்லிச்சையே வெளியே அனுப்பினார். கிரைஸ்லரிடம் காசு இல்லை, ஆனால் கே-காரின் பாகங்கள் இருந்தன. வீட்டு கராஜில் நுழையும் உயரம், காரைப்போல ஓட்டலாம், பக்கவாட்டில் இழுக்கும் கதவு, ஏழு பேர். ஃபோர்டும் ஜி.எம்.மும் அவசரமாகப் பின்சக்கர இயக்க வேன்களோடு வந்து தோற்றன. முன்சக்கர அடித்தளம் கிரைஸ்லரிடம் தயாராக இருந்ததற்குக் காரணம் வறுமை என்றுதான் சொல்லவேண்டும். 1984-ல் லாபம் 240 கோடி டாலர்.


பழைய இரும்பு எழுதியது:

இப்போது என் கட்சிக்கு வாருங்கள். அந்த 240 கோடியை என்ன செய்தார்கள்? 1985-ல் கல்ஃப்ஸ்ட்ரீம் விமானக் கம்பெனி. 1987-ல் லம்போர்கினி! கார்கள் மட்டும் அதே கே-காரின் பேரன் பேத்திகள். 1990 வாக்கில் மறுபடி மூச்சுத் திணறல். கணக்குப்பிள்ளை நிர்வாகக்குறை என்கிறார். சரி, நிர்வாகம் ஜி.எம்.மிலும் மோசம்தான். ஆனால் ஜி.எம். முப்பது வருடம் தப்புச் செய்தும் 2009 வரை தாங்கியது. கிரைஸ்லர் மூன்று வருடம் தப்புச் செய்தால் கதவைத் தட்டுகிறார்கள். வித்தியாசம் கல்லா.

அந்த 1987-ல் வாங்கியதில் ஒன்று மட்டும் தங்கம். ஏ.எம்.சி.யை (அமெரிக்கன் மோட்டார்ஸ்) பிரான்ஸின் ரெனோவிடமிருந்து வாங்கியபோது ஜீப் வந்தது. ஜீப்பின் ஜாதகம் வினோதம். வில்லிஸ், கைசர், ஏ.எம்.சி. என்று வைத்திருந்த ஒவ்வொருவரும் மறைந்தார்கள், ஜீப் மட்டும் கை மாறிக்கொண்டே இருக்கிறது. அந்த வில்லிஸ்தான் 1920-ல் வால்டர் கிரைஸ்லர் சரிசெய்யப்போன கம்பெனி.


ஹெமி426 எழுதியது:

90-களை விட்டுவிட்டீர்கள். ஏ.எம்.சி.யிலிருந்து ஃபிரான்சுவா காஸ்டேங் என்ற பொறியாளரும் வந்தார். துறை துறையாகப் பிரிந்து சண்டைபோட்ட பழக்கத்தை உடைத்து, ஒரு வண்டிக்கு ஒரு குழு, எல்லாரும் ஒரே மாடியில் என்று மாற்றினார். ஏ.எம்.சி. ஏழைக் கம்பெனி, அங்கே அப்படித்தான் வேலை நடந்தது. கம்பெனியின் மேலதிகாரி பாப் லட்ஸ் துணைக்கு. 1992 டெட்ராய்ட் ஷோவில் லட்ஸ் கிராண்ட் செரோக்கியைப் படிக்கட்டில் ஏற்றி, கண்ணாடியை உடைத்துக்கொண்டு அரங்குக்குள் ஓட்டி வந்தார். வைப்பர், இன்ட்ரெபிட், 1994 ராம் லாரி, நியான் எல்லாம் வரிசையாக வந்தன. 1990-களின் நடுவில் உலகமே அந்தக் கம்பெனியைப் பார்த்துக் கற்றுக்கொண்டது.

அதைத்தான் ஜெர்மன்காரர்கள் கெடுத்தார்கள்.


கணக்குப்பிள்ளை எழுதியது:

> ஜெர்மன்காரர்கள் கெடுத்தார்கள்

விற்றவர் யார்? 1995-ல் கோடீஸ்வர முதலீட்டாளர் கிர்க் கெர்க்கோரியன், ஓய்வுபெற்ற ஐயாகோக்காவைக் கூட வைத்துக்கொண்டு கம்பெனியை மொத்தமாக வாங்கப் பார்த்தார். அவர் புகார் என்ன தெரியுமா? கிரைஸ்லர் 700 கோடி டாலருக்கும் மேல் ரொக்கத்தைச் சும்மா வைத்திருக்கிறதாம், பங்குதாரருக்குக் கொடுக்கவேண்டுமாம். தலைவர் பாப் ஈட்டன் அடுத்த மந்தத்துக்கு வேண்டும் என்றார். இரும்பு சார், உங்கள் வாதம் இங்கே தடுமாறுகிறது. இந்த ஒரு தடவை பணத்தை எடுத்து வைத்தார்கள். அதனாலேயே வேட்டைக்காரர்கள் வந்தார்கள்.

1998-ல் அதே ஈட்டன் 3,600 கோடி டாலர் மதிப்பில், மெர்சிடிஸ் செய்யும் ஜெர்மன் கம்பெனியான டைம்லருடன் சேர்த்தார். சமமானவர்களின் இணைப்பு என்று அறிவித்தார்கள். 2000-ல் டைம்லர் தலைவர் ஷ்ரெம்ப் ஒரு பத்திரிகைப் பேட்டியில், கிரைஸ்லரை ஒரு பிரிவாக வைப்பதுதான் தொடக்கத்திலிருந்தே எண்ணம் என்று போட்டு உடைத்தார். கெர்க்கோரியன் வழக்குப் போட்டார், தோற்றார். 2001-ல் பிளிமத் மூடல். 2007-ல் டைம்லர் 80.1 சதவீதத்தை செர்பெரஸ் என்ற முதலீட்டு நிறுவனத்துக்குக் கொடுத்தபோது பேசிய தொகை 740 கோடி டாலர், அதிலும் பெரும்பகுதி கிரைஸ்லருக்குள்ளேயே போனது. டைம்லருக்குக் கிட்டத்தட்ட ஒன்றுமே மிஞ்சவில்லை.


மிச்சிகன்வாசி எழுதியது:

நியாயமாகச் சொன்னால் டைம்லர் காலத்தில் ஒரு நல்ல பிள்ளை பிறந்தது. 2005 மாடலாக வந்த கிரைஸ்லர் 300. பின் சஸ்பென்ஷன் முதலான பல பாகங்கள் மெர்சிடிஸ் இ-கிளாஸின் வழி. அதே அடித்தளத்தில்தான் புது சார்ஜரும் சேலஞ்சரும் வந்தன. 707 குதிரைசக்தி ஹெல்கேட் வரைக்கும் அதை வைத்தே ஓட்டினார்கள், 2023 வரை.

2009 ஏப்ரல் 30 திவால் மனு. 789 டீலர்களைக் கழற்றினார்கள். ஃபியட் கையிலிருந்து பணம் போடாமல், தொழில்நுட்பம் தருவதாகச் சொல்லி 20 சதவீதம் பெற்றது. ஓய்வுபெற்ற தொழிலாளர்களின் மருத்துவ நிதிதான் பெரும்பங்குக்காரர். ஜூன் 10-ல் வெளியே வந்தது. ஃபியட் தலைவர் செர்ஜியோ மார்க்கியோன்னே 2011-ல் புதுக் கம்பெனியின் அரசாங்கக் கடனைத் திருப்பிக் கொடுத்தார். ஆனாலும் பழைய கம்பெனிக்குக் கொடுத்தது முழுதாகத் திரும்பாததால் இந்தத் தடவை அரசாங்கக் கருவூலத்துக்கு 130 கோடி டாலர் நஷ்டம். அப்போது இங்கே அக்கம்பக்கத்தில் வீட்டுக்கு வீடு "விற்பனைக்கு" பலகை நின்றது. வேலைக்கு வந்த நம்ம ஊர்ப் பையன்கள் பலர் விசாவோடு வேறு மாநிலம் ஓடினார்கள்.


பழைய இரும்பு எழுதியது:

கணக்குப்பிள்ளை சொன்ன 1995 கதை வலுவானது, ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை. ஆனாலும் அது என் பக்கத்துக்கே சேரும் என்பேன். ஜி.எம். அளவு பெரிதாக இருந்தால் 700 கோடியை வைத்துக்கொண்டு யாரும் மேலே பாய முடியாது. கிரைஸ்லர் பணம் இல்லாவிட்டால் சாகும், இருந்தால் யாராவது விழுங்குவார்கள். இடைப்பட்ட அளவின் சாபம்.


சும்மா ஒருவன் எழுதியது:

இப்போது கிரைஸ்லர் என்ற பெயரில் கடையில் என்ன கார் இருக்கிறது?


மிச்சிகன்வாசி எழுதியது:

300-ஐ 2023-ல் நிறுத்தியபிறகு பசிஃபிகா மினிவேனும் அதன் மலிவுப் பதிப்பு வாயேஜரும்தான். அதே விண்ட்ஸர் ஃபாக்டரி. 2021-லிருந்து முதலாளி ஸ்டெல்லாண்டிஸ், அதாவது ஃபியட் கிரைஸ்லரும் பெஜோவும் சேர்ந்தது. 1978-ல் ஐரோப்பியக் கிளையை வாங்கிக்கொண்ட அதே பெஜோ. சம்பாதிப்பது ஜீப்பும் ராமும். திருவள்ளூரில் சிட்ரோயன் சி3 செய்கிறார்களே, அந்தத் தொழிற்சாலையும் இதே குடும்பம்தான்.


லாரிக்காரர் மகன் எழுதியது:

டர்பைன் தம்பி, மிச்சம் ஒன்பது என்றீர்களே, பார்க்க முடியுமா? மகள் அந்தப் பக்கம்தான் இருக்கிறாள்.


டர்பைன் ரசிகன் எழுதியது:

டியர்போர்னில் ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகத்தில் ஒன்று இருக்கிறது ஐயா. செயின்ட் லூயிஸ் போக்குவரத்து அருங்காட்சியகத்தில் இருப்பது ஓடும் நிலையில் உள்ளது. டிவி நகைச்சுவையாளர் ஜே லெனோவிடம் ஒன்று, அதை அவர் ரோட்டில் ஓட்டும் வீடியோ கிடைக்கும். ஹெட்ஃபோன் போட்டுக் கேளுங்கள், வாக்வம் க்ளீனர் சத்தம்தான் வரும். ஆபர்ன் ஹில்ஸில் இருந்த கிரைஸ்லர் அருங்காட்சியகத்தைத் தேடிப் போகவேண்டாம், அதை 2016-லேயே மூடிவிட்டார்கள்.